பிள்ளையின் தொழிலும் பெற்றோரின் பொறுப்பும்

விதை தேர்வதில் நம் குடியானவர் காட்டும் கவலையை யாவரும் அறிவர். கண்மாயில் எத்தனை நாளைக்கு நீர் நிற்கும், எந்தச் செய்க்கு எந்த நெல் ஏற்கும், மழை பிந்தினால் என்ன செய்வது என்று பலமுறை எண்ணிப் பார்த்த பின்னரே அவர் நாற்றங்காலில் விதை தூவுகிறார். அதே குடியானவர், தம் மகன் பத்தாம் வகுப்புத் தேறியதும் அவனை எந்தப் பாடப்பிரிவில் சேர்ப்பது என்னும் முடிவைப் பள்ளிக்கூடத்து வாயிலில் நின்றவாறே அரைமணி நேரத்தில் செய்துவிடுகிறார். பக்கத்து வீட்டுப் பையன் எதில் சேர்ந்தான் என்பதே பெரும்பாலும் அம்முடிவுக்குக் காரணமாக அமைகிறது. விதை தவறினால் ஒரு போகம் போகும். இது தவறினால் ஒருவனுடைய இளமையில் நல்ல ஆண்டுகள் சில வீணாகும். குடும்பத்தின் மேல் கடனும் ஏறும்.

பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் தாம் மேற்கொள்ளப்போகும் தொழிலைத் தாமே தேர்ந்தெடுப்பதாக நினைக்கின்றனர். பெற்றோரோ, 'நாங்கள் எதையும் வற்புறுத்தவில்லை' என்கின்றனர். இரண்டும் முழு உண்மையல்ல. பிள்ளை எதைக் கண்டு வளர்ந்தான், வீட்டில் எத்தொழிலை உயர்வாகப் பேசக் கேட்டான், எதை இழிவாகப் பேசக் கேட்டான் என்பவையெல்லாம் அவன் விருப்பத்துக்கு அடியிலே கிடக்கின்றன. ஆகவே, பெற்றோரின் செல்வாக்கு இருக்கலாமா கூடாதா என்று வாதிடுவதில் பயனில்லை. அஃது இருந்தே தீரும். அது எவ்வாறு வேலை செய்கிறது, எங்கே உதவுகிறது, எங்கே கெடுக்கிறது என்பதை நம் பக்கத்து ஊர்களின் வரலாற்றைக் கொண்டே காண்போம்.

பிள்ளையார்பட்டியில் ஒரு சிற்பக் குடும்பம்

காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையிலுள்ள பிள்ளையார்பட்டியைக் குடைவரைக் கோயிலுக்காகவும், அங்கு வீற்றிருக்கும் கற்பக விநாயகருக்காகவும் அறியாதார் இலர். நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் ஒன்று இவ்வூரில் உள்ளது. கோயில் தழைத்த இடத்தில் கல்வேலை தெரிந்த குடும்பங்களும் தழைத்தன. அத்தகைய ஒரு குடும்பத்தில், வைத்தியநாத ஸ்தபதியின் மகனாக, 1927-ஆம் ஆண்டில் பிறந்தவர் வை. கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரிக் கடல் நடுவே பாறை மேல் நிற்கும் 133 அடித் திருவள்ளுவர் சிலையை வடித்தவர் இவரே. பீடம் 38 அடி. சிலை 95 அடி. 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் அது திறந்து வைக்கப்பெற்றது. சென்னை வள்ளுவர் கோட்டமும் பூம்புகார்ச் சிலப்பதிகாரக் கலைக்கூடமும் இவர் பெயரோடு சேர்ந்து பேசப்படுபவை. 2009-இல் பத்மபூஷண் விருது பெற்றார், 2011-இல் மறைந்தார்.

தந்தை தொழிலை மகன் மேற்கொண்டான் என்று சொல்லி இவ்வரலாற்றை முடித்துவிடலாம். ஆனால் ஊன்றி நோக்குமிடத்து வேறொன்று தெரிகிறது. இவர் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் பயின்று பட்டம் பெற்றவர். அக்கல்லூரி 1947-இல்தான் தோன்றியது. உளியும் சுத்தியும் கையிலுள்ள ஒரு குடும்பத்தில், கல்லூரிப் படிப்பு வேண்டாத செலவு என்று கருதப்பட்டிருந்தால் யாரும் வியந்திருக்கமாட்டார். 'தொழில் வீட்டிலேயே இருக்கிறது. கணிதப் பட்டம் எதற்கு?' என்ற கேள்வியை இன்றும் பல வீடுகளில் கேட்கிறோம்.

சிற்பத் தொழிலுக்கும் கணக்குக்கும் உள்ள உறவைச் சற்றே சொல்லவேண்டும். ஒரு படிமத்தின் உயரத்தைத் தாலம் என்னும் அளவால் பகுக்கின்றனர். உத்தம தசதாலம் என்ற முறையில் முழு உருவமும் 124 கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. முகத்துக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை, முழங்காலுக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. கட்டடத்துக்கு ஆயாதி என்னும் கணிப்பு இருக்கிறது. கல்லைத் தட்டி ஓசையைக் கேட்டு அதன் தன்மையை அறிவது காதின் வேலை. உளி தீட்டுவது கையின் வேலை. இந்த அளவுகளை உணர்வது அறிவின் வேலை. கணிதம் கற்ற மகன் பரம்பரை நூல்களின் அளவுகளை வேறொரு கண்கொண்டு பார்த்திருப்பார் என்பதில் ஐயமில்லை. தந்தையின் தொழிலில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டு அவர் அத்தொழிலுக்குள் நுழைந்தார்.

இக்குடும்பத்தின் வரலாற்றில் ஊராட்சி உறுப்பினர்கள் கவனிக்கத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு ஒரு சிற்பப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியபோது, அதன் தலைமையை ஏற்றவர் வைத்தியநாத ஸ்தபதி. 1961-இல் அப்பொறுப்பு மகனிடம் வந்தது. இருபத்தேழு ஆண்டுகள் அவர் அதனை நடத்தினார். இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி என வழங்குவது அதுவே. அதுவரை தகப்பன் மகனுக்கும், மாமன் மருமகனுக்கும் மட்டுமே சொல்லிக்கொடுத்து வந்த தொழில், விண்ணப்பம் போட்டு வரும் எந்தப் பிள்ளைக்கும் திறந்துவிடப்பட்டது. அதனைத் திறந்துவிட்டவர் அத்தொழிலைப் பரம்பரையாகக் கொண்டிருந்த ஒருவரே. குலத்தொழில் என்னும் சொல்லைக் கேட்டவுடன் ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இந்நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

கொண்டுவிற்கச் சென்ற சிறுவர்கள்

செட்டிநாட்டுக்கே உரிய மற்றொரு வழக்கம், பையன்களைத் தொழில் பழகக் கடல் கடந்து அனுப்புவது. பர்மா, இலங்கை, மலாயா முதலிய நாடுகளில் நகரத்தாரின் வட்டிக் கடைகள் இருந்தன. பத்துப் பன்னிரண்டு வயது நிரம்பியதும் பையன் கப்பலேறினான். கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தான். கூட்டிப் பெருக்குவது, ஓலை கொண்டுபோய்க் கொடுப்பது, பெட்டியடியில் அமர்ந்து பணம் எண்ணுவது எனத் தொடங்கி, பின் அடுத்தாளாகி, திறமையிருந்தால் கடையையே நடத்தும் மேலாளாகவும் ஆவான். மூன்று ஆண்டு ஒரு கணக்கு. அது முடிந்தால் ஊருக்கு வந்து, திருமணமோ பிற காரியமோ பார்த்துவிட்டு மறுபடி பயணம்.

இதற்கான பயிற்சி திண்ணைப் பள்ளியிலேயே தொடங்கிவிடும். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று என்னும் கீழ்வாய்க் கணக்கைப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்தனர். வட்டிக் கணக்கை எழுதுகோல் இன்றியே சொல்லும் வல்லமை இதனால் வந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளையும் பிறர் கடையில் இருந்து தொழில் பழகுவது உண்டு. இது மிகவும் விவேகமான ஏற்பாடு என்றே கூறவேண்டும். தகப்பன் கடையில் மகன் செய்யும் பிழை மன்னிக்கப்படும். பிறர் கடையில் மன்னிக்கப்படாது. படிப்படியாக உயர்த்துவதும், மூன்றாண்டுக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பதும் இன்றைய தொழிற்பயிற்சிக்கும் ஏற்ற முறைகளே.

ஆயினும் இம்முறையில் பையனை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மகிபாலன்பட்டியில் 1881-இல் பிறந்த மு. கதிரேசச் செட்டியார், திண்ணைப் பள்ளியில் சில திங்களே பயின்றவர். சிறு வயதிலேயே கால் நலிவுற்றவர். ஊன்றுகோலின் துணையால் நடந்தவர். அவரையும் வழக்கம் விடவில்லை. இளமையிலேயே வாணிகத்தின் பொருட்டு இலங்கைக்கு அனுப்பப்பெற்றார். பின்னர் ஊர் திரும்பி, தமிழையும் வடமொழியையும் ஊன்றிக் கற்று, பண்டிதமணி என்றும் மகாமகோபாத்தியாயர் என்றும் நாடு போற்றும் நிலையை அடைந்தார். 1909-இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தோன்றக் காரணமாயிருந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார்.

அவரிடம் பாடம் கேட்டவருள் ஒருவர் அதே மேலைச்சிவபுரியில் 1917-இல் பிறந்த வ. சுப. மாணிக்கம். இளமையில் பெற்றோரை இழந்த இவரைப் பெரியவர்கள் வழக்கப்படி பதினோரு வயதளவில் இரங்கூனுக்கு அனுப்பினர். பெட்டியடிப் பையனாக இருந்த கடையில், முதலாளி உள்ளே இருக்கும்போதே 'இல்லை' என்று வந்தவரிடம் சொல்லுமாறு பணிக்கப்பட, 'பொய் சொல்லமாட்டேன்' என்று மறுத்து வேலையை இழந்தார் என்பது பலரும் எடுத்துக்காட்டும் செய்தி. ஊர் திரும்பியவர் தமிழில் ஆழ்ந்தார். காரைக்குடி அழகப்பா கல்லூரியின் முதல்வராகவும், பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார்.

இவ்விருவரும் தமக்கென்று குறித்த தொழிலிலிருந்து தப்பிவந்து பெருமை பெற்றவர்கள் என்று சிலர் எழுதுவர். அவ்வாறு கூறுவது அவர்களை அனுப்பிய பெரியோர்க்கு முழு நியாயம் செய்வதாகாது. அக்காலத்தில் ஒரு தகப்பனுக்குத் தெரிந்த, சோறு போடும் என்று உறுதியாக நம்பத்தக்க வழி அதுவே. 1930-ஐ ஒட்டிப் பர்மாவில் நடந்த வங்கித் தொழில் விசாரணையின்படி, அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புரண்ட முதல் 75 கோடி ரூபாய் அளவினது. இத்தகைய தொழில் கண்முன்னே நடக்கும்போது மகனை வேறெங்கு அனுப்புவது? எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வான்.

ஆனால் அந்த 1930-க்குப் பின் நடந்தது யாது? உலகெங்கும் விலைகள் வீழ்ந்தன. நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய பர்மியக் குடியானவர்கள் திருப்பிக் கொடுக்க இயலாமற் போகவே, பணத்துக்குப் பதிலாக நிலம் கடைகளின் கைக்கு வந்தது. கீழைப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்கு அவர்களிடம் இருந்தது. 1938-க்குள் அது நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. அந்நாட்டு மக்களின் பகையும் கூடவே வளர்ந்தது. 1942-இல் சப்பானியப் படை புகுந்தபோது பலர் கணக்கையும் சொத்தையும் போட்டுவிட்டு ஓடிவந்தனர். 1948-இல் நிலம் நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. தகப்பன் பாட்டன் காலந்தொட்டு அசையாதது என்று எண்ணியிருந்த தொழில் ஒரு தலைமுறைக்குள் அழிந்தொழிந்தது. 1925-இல் பத்து வயதில் கப்பலேறிய பையன், முப்பது வயதை எட்டும் முன்னரே கைத்தொழில் இழந்து நிற்க நேர்ந்தது.

பெற்றோரின் அனுபவம் மெய்யானது. எனினும் அஃது அவர்கள் வாழ்ந்த காலத்தைப் பற்றிய அனுபவம். மகன் வாழப்போகும் காலத்தைப் பற்றியதன்று. கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார் இதனை நன்கு உணர்ந்தவர் என்றே தோன்றுகிறது. ஆங்கிலத்தில் எம்.ஏ. பட்டமும், இங்கிலாந்தில் வழக்கறிஞர் பட்டமும் பெற்ற அவர், 1947-இல் காரைக்குடியில் கல்லூரியைத் தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். 1948 ஜூலையில் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரியில் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். வெளிநாட்டுக் கடைகள் மூடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கே கல்லூரிகள் எழுந்தன. பிள்ளையார்பட்டிச் சிற்பியின் மகன் கணிதம் கற்றதும் அவ்வாசல் திறந்தமையால்தான்.

1953-இல் எழுந்த வழக்கு

பிள்ளைகள் பெற்றோர் தொழிலையே பழகவேண்டுமா என்னும் கேள்வி ஒரு சமயம் நம் மாநிலத்தின் ஆட்சியையே அசைத்தது. 1953-இல் முதலமைச்சர் இராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகலாம் என்ற திட்டத்தைக் கொணர்ந்தார். பள்ளிகள் போதாமல் பெருந்தொகையான பிள்ளைகள் வெளியே நிற்கும் நிலையில், ஒரே பள்ளியை இரு முறையாக நடத்தி அனைவரையும் சேர்க்கலாம் என்பது திட்டத்தை ஆதரித்தோர் கூற்று. குயவர் மகன் குயவனாகவும், வண்ணார் மகன் வண்ணானாகவும் நிலைத்துவிட இது வழி செய்யும் என்பது எதிர்த்தோர் கூற்று. 'குலக்கல்வித் திட்டம்' என்னும் பெயர் அவர்கள் சூட்டியதே. எதிர்ப்பு வலுத்தது, இராஜாஜி பதவி விலகினார், 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

காமராசரின் சொந்த வாழ்க்கை இங்கு நினைக்கத்தக்கது. சிறு வயதில் தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி, விருதுநகரில் மாமன் துணிக்கடையில் அமர்த்தப்பட்டவர் அவர். நாட்டு விடுதலைக் கூட்டங்களுக்குப் போகிறான் என்று அஞ்சி, உறவினர்கள் அவரைத் திருவனந்தபுரத்தில் மற்றொரு மாமன் மரக்கடைக்கு அனுப்பினர். கடை அவரை மாற்றவில்லை. பெரியோர் வகுத்த வழி ஒன்று, பிள்ளை சென்ற வழி ஒன்று. அவ்வாறு படிப்பை இழந்தவரே பின்னாளில் கிராமந்தோறும் பள்ளி திறந்தார். 1956-இல் மதிய உணவும் போடச் செய்தார்.

அந்த வழக்கு முடிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சட்டப்படி இன்று யாரையும் எத்தொழிலுக்கும் கட்டுப்படுத்த இயலாது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவரை எவ்வேலையிலும் அமர்த்தலாகாது என்றும், பதினெட்டு நிரம்பாதவரை ஆபத்தான தொழிலில் அமர்த்தலாகாது என்றும் 2016-இல் திருத்தப்பெற்ற சட்டம் கூறுகிறது. பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவுவதற்கு இடமளிக்கிறது. ஆயினும் சட்டம் எட்டாத ஓரிடம் வீட்டின் அடுப்பங்கரையும் திண்ணையுமே.

வீட்டுப் பேச்சின் வலிமை

ஒரு குடியானவர் வீட்டை எண்ணிக்கொள்வோம். கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர், மேட்டில் சிறிது நிலக்கடலை, இரண்டு மாடு. இரவு சாப்பிடும்போது தகப்பனார் சொல்கிறார்: "இந்த மண்ணோடு மல்லுக்கட்டுவது என்னோடு போகட்டும். நீயாவது படித்துப் பிழைத்துக்கொள்." தாயார் சேர்ந்துகொள்கிறார்: "உங்கள் அத்தை மகனைப் பாருங்கள், வெளிநாடு போய் வீடு கட்டிவிட்டான்." பையன் ஒன்றும் பேசாமல் சோற்றைப் பிசைகிறான். பத்து ஆண்டுகள் நாள்தோறும் இதனைக் கேட்டவன், உழவு என்பது வேறு வழியற்றவன் செய்வது என்றே முடிவு கட்டுவான். பின்னொரு நாள் அதே தகப்பனார், 'இக்காலத்துப் பையன்கள் வயலில் கால் வைப்பதில்லை' என்று ஊராட்சி அலுவலகத்து வாசலில் அமர்ந்து குறைப்படுவார்! ஏவலைவிடப் பெருமூச்சுக்கு வலிமை மிகுதி.

இதற்காகத் தகப்பனார் பொய்யாக உழவைப் புகழவேண்டும் என்று கூறவில்லை. சிவகங்கைச் சீமை பெரிதும் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கடன்தான். மகனுக்கு அதைவிட நல்ல வழி வேண்டும் என்று நினைப்பது அன்பின் மிகுதியே. ஆனால் அவனிடம் பெருமூச்சை மட்டும் காட்டாமல் கணக்கையும் காட்டலாமன்றோ? சென்ற ஆண்டு விதைக்கு எவ்வளவு, உரத்துக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு, விற்று வந்தது எவ்வளவு, கூட்டுறவுச் சங்கத்தில் நிலுவை எவ்வளவு என்பதைப் பதினைந்து வயதுப் பையன் நன்றாகவே புரிந்துகொள்வான். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கடன் தெரியாமல் மறைப்பதை ஒரு கௌரவமாகக் கருதுகிறோம். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனும் பேரேட்டைப் பார்த்தே வளர்ந்தான்.

கணக்கைக் கண்ட பையன் இரண்டில் ஒன்று செய்வான். 'நமக்கு இது ஒத்துவராது' என்று தெளிந்து வேறு தொழிலுக்கு மனமொன்றிப் போவான். அல்லது, 'நிலக்கடலையை இப்படியே விற்காமல் எண்ணெயாக்கினால் என்ன?' என்று கேட்பான். இரண்டாவது கேள்வி கேட்கும் பிள்ளைக்கு வேளாண்மைப் படிப்பு என்று ஒன்று இருப்பதைத் தகப்பனார் அறிந்திருக்கவேண்டும். செட்டிநாட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று நடைபெறுகிறது.

பிள்ளையின் விருப்பம் எப்போதும் ஆய்ந்து எழுந்தது என்றும் கொள்ளவேண்டுவதில்லை. நண்பன் சேர்ந்தான் என்பதற்காகச் சேர்வதும், திரைப்படத்தில் கண்ட உத்தியோகத்தை நாடுவதும் அவ்வயதின் இயல்பு. அங்கே பெற்றோர் மறுத்துச் சொல்வது கடமை. ஆனால் மறுப்புக்குக் காரணம் சொல்லவேண்டும். 'நான் சொல்கிறேன், கேள்' என்பது காரணமாகாது; 'ஊர் என்ன சொல்லும்' என்பதும் ஆகாது. அப்படிப்பு முடிய எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு, முடித்தவர்கள் என்ன செய்கிறார்கள், அவர்களில் ஒருவரைப் போய்ப் பார்ப்போமா என்று கேட்பதுவே தகும். ஒரு நாள் அத்தொழில் நடக்கும் இடத்தில் பையனை நிற்கவைத்தால், ஒரு மாதம் வாதிடுவதால் விளையாத தெளிவு விளையும். நிலத்தை விற்றோ, கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்கியோ, பெயர் தெரியாத கல்லூரியில் கேட்ட தொகையைக் கட்டிவிட்டு, பிறகு பையனை நோக்கி 'உனக்காகத்தானே' என்று ஆயுள் முழுவதும் சொல்லிக்காட்டும் வீடுகளும் உண்டு. அக்கடனைக் காட்டிலும் அச்சொல் கனமானது.

பெண்மக்கள்

மகனைப் பற்றியே இதுவரை எழுதியமைக்குக் காரணம், நம் வீடுகளில் மகளுக்கு இக்கேள்வி எழுவதே அரிது என்பதுதான். பேருந்து நேரம், கல்லூரி இருக்கும் தொலைவு, மாப்பிள்ளை வீட்டார் விருப்பம் ஆகிய மூன்றுமே அவளுக்குப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கின்றன. நமக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது ஊரில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அக்கல்லூரியில் பணியாற்றிய அவருடைய தந்தையார் மகளுக்குத் துணை நின்றார், மன்னரும் இசைந்தார். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், பின்னாளில் சட்டமன்றத்தில் அமர்ந்ததையும், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்ததையும் நாடறியும். ஊரார் பேசுவதைப் பொறுத்துக்கொள்ள ஒரு தகப்பன் இசைந்தமையால் எத்தனை நோயாளிகள் பிழைத்தனர் என்று கணக்கிட முடியுமா?

இன்று எதிர்ப்பு அவ்வளவு வெளிப்படையாக வருவதில்லை. 'பன்னிரண்டு முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம்' என்னும் மென்மையான உருவில் வருகிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்று மேற்படிப்பில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. ஆயிரம் ரூபாய் பேருந்துச் செலவைத் தீர்க்கலாம். அந்த 'பிறகு பார்க்கலாம்' என்பதைத் தீர்க்கவேண்டியவர் தாயார். தாமே பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட தாய்மார்கள்தாம் இதில் உறுதியாக நிற்பதைப் பல ஊர்களிலும் காண்கிறோம்.

ஊராட்சி செய்யக்கூடியவை

பெற்றோரில் பலர் தமக்குத் தெரிந்த நான்கைந்து தொழில்களுக்குள்ளேயே பிள்ளையின் வாழ்வைத் தேடுவதற்குக் காரணம் பிடிவாதமன்று, வேறு தெரியாமையே. ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் முதலில் தாம் சில செய்திகளை அறிந்துகொள்ளவேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவன் பதினொன்றாம் வகுப்பில்தான் சேரவேண்டும் என்பதில்லை. பல்தொழில்நுட்பக் கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம்; அதனை முடித்தவன் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் நேரே நுழையவும் வழியுண்டு. காரைக்குடியிலேயே அழகப்பா பெயரில் அரசுப் பல்தொழில்நுட்பக் கல்லூரியும் அரசுப் பொறியியல் கல்லூரியும் உள்ளன. எட்டாம் வகுப்பையோ பத்தாம் வகுப்பையோ தகுதியாகக் கொண்ட தொழிற்பயிற்சி நிலையங்கள் உண்டு. இவை படிப்பு வராதவர் செல்லுமிடம் என்னும் எண்ணம் நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது, அது தவறு. நல்ல பற்றவைப்பாளரும் குளிர்பதனக் கருவி பழுதுபார்ப்பவரும் கிடைக்காமல் திருவிழாக் காலங்களில் நாம் படும் பாட்டை எண்ணினாலே போதும்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு ஏழரை இடங்கள் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளில் 2021 முதலும் தனியே ஒதுக்கப்பட்டுள்ளன. இதனை அறியாமல், ஆங்கிலப் பள்ளி என்ற பெயருக்காக ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து மாற்றிவிட்டு, பிறகு அந்த இடத்தை இழந்தோம் என்று வருந்துவோர் இருக்கின்றனர். பாடப்பிரிவைத் தேர்வதிலும் இத்தகைய கவனம் வேண்டும். கணிதம் இல்லாத பிரிவை எடுத்துவிட்டுப் பொறியியலுக்கு ஆசைப்படுவதும், அறிவியலே இல்லாத பிரிவிலிருந்து செவிலியர் பட்டப் படிப்பை நாடுவதும் வீணாய் முடியும். ஐயமிருப்பின் தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெளியலாம்; 2022-இல் தொடங்கப்பெற்ற நான் முதல்வன் திட்டத்தின் கீழ் வழிகாட்டும் பொறுப்புடைய ஆசிரியர்களும் பள்ளிகளில் உள்ளனர்.

இவற்றையெல்லாம் ஊர்ப் பெற்றோர்க்கு எடுத்துரைக்கத் தக்க இடம் கிராம சபை. மே முதல் நாள் கூடும் சபைக்கு இதற்கெனவே ஒரு சிறப்பு உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வழக்கமாக அம்மாதத்தில்தான் வெளிவருகின்றன. சேர்க்கை தொடங்குவதற்கு இடையே சில நாட்களே இருக்கும். சாலை, குடிநீர், விளக்கு ஆகியவற்றைப் பேசி முடித்தபின் ஒரு அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவரையும் தலைமையாசிரியரையும் அழைக்கலாம். ஊரிலிருந்து சென்று தொழிற்பயிற்சி, செவிலியர் பணி, வேளாண்மை, சிற்பம், கணக்குத் தணிக்கை என வெவ்வேறு துறைகளில் இருப்போர் ஊரில் தங்கியிருந்தால், தாங்கள் செய்யும் வேலை யாது, முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, எதை முன்பே அறிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று ஐந்து நிமிடம் பேசச் செய்யலாம். மேடை வேண்டுவதில்லை, மாலையும் சால்வையும் நிச்சயமாக வேண்டுவதில்லை.

அன்று பிள்ளைகளையும் வரச்சொல்லுதல் நன்று. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர்க்குச் சபையில் வாக்கு இல்லை என்பது உண்மையே. ஆனால் உட்கார்ந்து கேட்பதற்குத் தடையில்லை. பெற்றோர் ஒரு பக்கமும் பிள்ளைகள் ஒரு பக்கமுமாக அமராமல், அந்தந்தக் குடும்பம் சேர்ந்து அமரும்படி பார்த்துக்கொண்டால், கேட்டதைப் பற்றிய பேச்சு வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே தொடங்கிவிடும்.